அறிவியலிலிருந்து கல்வெட்டியலுக்கு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வேதியியல், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின் கல்வெட்டியலைத் தொழிலாக்கிக்கொள்ள இரண்டாம் முறை ஆய்வு மாணவர்களானவர்களின் நன்றி இது.

முதலில் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு அலுவலர்களுக்கு. பழைய முனைவர் பட்டம் புதிய துறைக்கு நுழைவுச்சீட்டு ஆகாது, அத்துறை சார்ந்த முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும் என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே சொன்னீர்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலையை முடித்துவிட்டு வரச் சொன்னதும் நீங்கள்தான். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30; நடுவயதில் துறை மாறுபவருக்குப் பெரும்பாலும் பகுதிநேர ஆய்வே வழி. அதற்குப் பணியிடத்தில் வாங்கும் தடையின்மைச் சான்றில் அனுமதி மட்டும் இருந்தால் போதாது. பணிக்கிடையே ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், பாடநெறியை முடிக்கத் தேவையானால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற இரண்டு வாசகங்களும் வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதியில் இருப்பதுதான். ஆனாலும் பலர் வெறும் ஒற்றை வரிக் கடிதத்தோடு வந்து நிற்கிறார்கள். மாதிரிக் கடிதம் தந்து அனுப்பியவர்களை மறக்கவே முடியாது.

கல்வெட்டைத் தாளில் மை ஒற்றிப் படியெடுக்கக் கற்றுத்தந்த மூத்தவர்களுக்குத்தான் பெரிய கடன். சுவரைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டே துப்புரவு செய்ய வேண்டும். சுண்ணாம்புப் பூச்சைக் கண்டதும் அமிலத்தை நினைக்கும் வேதியியல் புத்தியை முதல் நாளே தடுத்தீர்கள். அமிலம் சுண்ணாம்போடு நிற்காது, கல்லையும் எழுத்தையும் சேர்த்தே கெடுக்கும். நனைத்த தாளை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, ஈரம் அரைகுறையாக இருக்கும்போது மை ஒற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் மை பள்ளத்துக்குள் கசிந்து எழுத்து மூழ்கிவிடும். காய்ந்துபோனால் தாள் கல்லைவிட்டு எழும்பி, வரி இரட்டையாகத் தெரியும். இந்தப் பதத்தை எந்த ஆய்வேட்டிலிருந்தும் படித்துக்கொள்ள முடியாது. வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று காட்டினீர்கள்.

வாசிக்கச் சொல்லித்தந்த ஆசிரியர்களே, பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடா. ரகரமும் ஆகாரத்தின் கால் குறியும் (ா) ஒன்றுபோலவே நிற்கும். ‘கோப்பரகேசரி’ என்று கண்டதும் அரசனை முடிவுசெய்யக் கூடாது, சோழர் இராசகேசரி, பரகேசரி என மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். அரசனின் புகழைச் சொல்லும் முன்வரிகளான மெய்க்கீர்த்தியும், ஆட்சியாண்டும், எழுத்தின் வடிவமைப்பான எழுத்தமைதியும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாசிப்பிலும் நிறுத்தித் திருத்தினீர்கள். அளவுப் பிழையைக் குறித்துப் பழகிய கைகளுக்கு, ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடும் ஒழுங்கு உடனே பிடித்துப்போனது.

நெறியாளர்களுக்கு நன்றி. முதல் ஆய்வேட்டில் பட்டியலும் வரைபடமும் வாதத்தைச் சுமந்தன. இங்கே உரைநடைதான் சுமக்க வேண்டும் என்று சொல்லி, இயல்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தீர்கள்.

உச்சிக்கால நடை சாத்தியபின் பிராகாரத்தில் ஏணி வைக்க இடம்விட்ட அர்ச்சகர்களுக்கும், ஏணியைப் பிடித்துக்கொண்ட கோயில் மெய்க்காவலர்களுக்கும், வார இறுதிகளையெல்லாம் எங்களுக்கு விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் உளமார்ந்த நன்றி. மைப்படிகளின் ஒரு பிரதி அந்தந்தக் கோயில் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

அன்புடன்,
இரண்டாம் முறை ஆய்வு மாணவர்கள்