அப்பாவின் நெஞ்சை அழுத்திய கைகளுக்கு

அன்று இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு,

உங்கள் பெயரைக் கேட்கக்கூட அப்போது தோன்றவில்லை. ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே அப்பாவுக்கு நாடி இல்லை. ஓடிவந்து நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினீர்கள். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் நீங்கள் துடைக்கவில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது: கை தளர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். நெஞ்சில் கொடுத்த மூன்றாவது மின் ஷாக்குக்குப் பிறகு மானிட்டரில் துடிப்பு வந்தது.

அப்பாவின் விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. முதலில் எனக்குக் கோபம் வந்தது, மன்னித்துவிடுங்கள். சரியாக அழுத்தும்போதும் அப்படி ஆவது உண்டு என்று டாக்டர் சொன்னார்.

உங்களிடமிருந்து வேறு வார்டுக்குப் போனவர்கள் பிழைத்தார்களா என்பதே பல நேரம் உங்களுக்குத் தெரிய வராதாமே! அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா 12ஆம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை சட்டைப் பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரொம்ப நன்றி, அக்கா.