போகக் கூடாதவர் ஒருவர் மட்டும்தானா?

டெஸ்லா இயக்குநர் குழுத் தலைவர் ராபின் டென்ஹோம் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பங்குகளை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. 2020 டிசம்பரில் டெஸ்லா, அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீட்டில் சேர்க்கப்பட்டது முதல், அமெரிக்காவில் ஓய்வுக்காலத்துக்கென்று அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் பணம் போடும் எல்லோரையும் போல நானும் உங்கள் நிறுவனத்தில் ஒரு துளிப் பங்குதாரன். ஓட்டுவதோ ஃபோர்டின் மின்சாரக் கார். நெடும்பயணங்களில் அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள உங்கள் வேக சார்ஜிங் நிலையங்களான சூப்பர்சார்ஜர்களைத்தான் நம்பியிருக்கிறேன். ஆகவே உங்களிடம் கேள்வி கேட்க எனக்கு இரண்டு வகையில் உரிமை உண்டு.

2025 ஆகஸ்டில் உங்கள் தலைமைச் செயல் அதிகாரி எலான் மஸ்க்குக்கு 9.6 கோடிப் பங்குகளை ஒதுக்கினீர்கள். திறமைசாலிகளுக்கான போட்டி கடுமையாகிவிட்டது, இந்த நேரத்தில் அவரைத் தக்கவைத்துக்கொள்வது முன்னெப்போதையும்விட முக்கியம் என்பது நீங்கள் சொன்ன காரணம். அக்டோபரில் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், புதிய ஊதியத் திட்டம் தோற்றால் அவர் விலகிவிடக்கூடும் என்று எச்சரித்தீர்கள். நவம்பர் 6ஆம் தேதி 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் அது நிறைவேறியது. இலக்குகள் அனைத்தும் எட்டப்பட்டால் அதன் மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர்.

அந்த வாதத்தை மறுக்க நான் வரவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறேன். தேர்ந்த ஆள் வெளியேறினால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்றால், 2024 ஏப்ரல் கடைசியில் சூப்பர்சார்ஜர் பிரிவின் ஏறத்தாழ 500 பேரையும் கூண்டோடு வெளியே அனுப்பியபோது அந்த நஷ்டக் கணக்கை உங்களில் யார் போட்டார்கள்?

அந்த மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் காலாண்டில் விநியோகம் 3,86,810 கார்களாகச் சரிந்திருந்தது. முந்தைய ஆண்டைவிட 8 சதவீதத்துக்கும் அதிகமான சரிவு. ஏப்ரல் 15 அன்று உலகம் முழுவதும் பத்தில் ஒருவருக்கு மேல் வேலை இழப்பார்கள் என்ற அறிவிப்பு வந்தது. விற்பனை குறைந்தால் செலவைக் குறைப்பார்கள். வலிக்கும், ஆனால் புரிந்துகொள்ள முடியும். இரண்டே வாரத்தில் நடந்ததைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. சார்ஜிங் பிரிவின் தலைவர் ரெபெக்கா டினுச்சியும் புதிய கார்த் திட்டங்களைக் கவனித்த டேனியல் ஹோவும் நீக்கப்பட்டார்கள். டினுச்சியின் கீழ் இருந்தவர்களில் அனேகமாக யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆட்குறைப்பிலும் செலவுக் குறைப்பிலும் நாம் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது இப்போதாவது எல்லோருக்கும் விளங்கட்டும் என்ற தொனியில் மஸ்க்கின் மின்னஞ்சல் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஏற்கெனவே ஒரு பகுதி ஆட்களைக் குறைத்திருந்த டினுச்சி, இதற்கு மேலும் வெட்டினால் வேலை நடக்காது என்று எதிர்த்துப் பேசியதுதான் காரணம் என்று அங்கே பணியாற்றியவர்கள் சொன்னதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அது உண்மையானால், அவர் செய்தது ஒரு துறைத் தலைவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குக் கிடைத்தது துறைக்கே மூடுவிழா.

அந்த 500 பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு சூப்பர்சார்ஜர் என்பது வெள்ளையும் சிவப்புமாக நிற்கும் ஒரு கம்பம். அந்தக் கம்பத்தை ஆலையில் செய்வது சுலபமான பகுதி. நான்கு கம்பங்களையும் மின்பெட்டியையும் ஒரே கான்கிரீட் தளத்தில் பொருத்தி, லாரியில் கொண்டுவந்து இறக்கும் அளவுக்கு அதை அவர்கள் சுருக்கிவிட்டார்கள். கடினமானதெல்லாம் லாரி வருவதற்கு முன்னால் இருக்கிறது. வணிக வளாகத்தின் உரிமையாளரிடம் பத்து இருபது இடங்களைக் குத்தகைக்குக் கேட்டுப் பேரம் பேச வேண்டும். நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உள்ளூர் மின் நிறுவனத்திடம் விண்ணப்பித்து டிரான்ஸ்ஃபார்மர் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மின் நிறுவனங்கள் ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எந்த ஊர் மின் நிறுவனத்தில் யாரைக் கேட்டால் கோப்பு நகரும், எந்த நகராட்சி ஆய்வாளர் எதற்காகத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை, ஆட்களின் தலைக்குள் இருந்தது. அவர்கள் போனதும் ஒப்பந்ததாரர்கள் யாருக்குத் தொலைபேசியில் பேசுவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டாம், பொருள் வாங்க வேண்டாம் என்று அவர்களுக்கு மின்னஞ்சல் மட்டும் போனது.

காலமும் மோசமான காலம். 2022 நவம்பரில் உங்கள் பிளக் வடிவத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டீர்கள். 2023 மே மாதம் அதை ஏற்றுக்கொண்டு ஃபோர்டு வந்தது, ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் வந்தது, பிறகு மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். போட்டியாளர்கள் எல்லோரும் உங்கள் வாசலுக்கு வந்து வாடகை கொடுக்கத் தயாராக நின்ற தருணம் அது. ஆனால் அவர்களின் கார்கள் உங்கள் கார்கள் அல்ல. டெஸ்லாவில் சார்ஜ் செய்யும் துளை பின்புறம் இடப்பக்கம் இருக்கிறது. அதற்கு ஏற்றபடி பழைய கம்பங்களின் கேபிள் குட்டையானது. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் துளை முன்சக்கரத்துக்கு மேலே. அந்த வண்டி முகத்தை நுழைத்து நின்று பக்கத்து இடத்தின் கேபிளை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு இடம் போகும். நான்காம் தலைமுறைக் கம்பங்களில் கேபிளை நீளமாக்கியது இதற்கும் சேர்த்துத்தான். இப்படிப்பட்ட நூறு சில்லறைத் தலைவலிகளைத் தீர்க்க வேண்டிய வேளையில், தீர்ப்பவர்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

நீங்கள் சொல்லக்கூடும்: ஒன்றும் இடிந்து விழவில்லையே, 2024 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களும் உள்ளே வந்துவிட்டனவே என்று. உண்மைதான். சூப்பர்சார்ஜர்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. பயன்படுத்துபவன் என்ற முறையில் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீக்கிய சில வாரங்களுக்குள் வட அமெரிக்க சார்ஜிங் பணிகளின் இயக்குநர் மாக்ஸ் டி செகர் உள்ளிட்ட சிலரைத் திரும்ப அழைத்துக்கொண்டீர்களே, அது ஏன்? புதிய இடங்களில் வேகத்தைக் குறைப்போம் என்று ஏப்ரல் 30 அன்று சொன்ன மஸ்க், மே 10 அன்று அந்த ஆண்டிலேயே 50 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு ஆயிரக்கணக்கான புதிய சார்ஜர்கள் வைப்போம் என்றாரே, இடைப்பட்ட பத்து நாளில் என்ன மாறியது? செலவு செய்யப் பணம் இருந்தது, செய்து முடிக்க ஆள் வேண்டியிருந்தது. திரும்ப வராதவர்கள் வேறு இடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். டினுச்சி ஊபருக்குப் போனார். வேலை போனவர்களுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நஷ்டம் உங்களுக்கு என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இது ஒருமுறை நடந்த கோபதாபம் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். 2025 ஆகஸ்டில், மேலே சொன்ன பங்கு ஒதுக்கீடு நடந்த அதே மாதத்தில், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கான உங்கள் டோஜோ சூப்பர்கணினியின் குழு கலைக்கப்பட்டது. அதன் தலைவர் பீட்டர் பானன் வெளியேறுகிறார் என்ற செய்தியும் வந்தது. திறமைசாலிகளுக்குப் போட்டி கடுமையாகிவிட்டது என்று நீங்கள் எழுதிய மை அப்போது காய்ந்திருக்கவில்லை.

ஜே.பி. ஸ்ட்ரோபெல் அவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2012இல் கலிபோர்னியாவில் முதல் ஆறு சூப்பர்சார்ஜர் நிலையங்கள் திறக்கப்பட்டபோது டெஸ்லாவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் நீங்கள். 2023 மே மாதம் முதல் இயக்குநர் குழுவில் இருக்கிறீர்கள். இதை உருவாக்க எத்தனை ஆண்டு பிடித்தது என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், உங்களுக்குத் தெரியும். அந்த மின்னஞ்சல் போவதற்கு முன்னால் உங்களை யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மன்னிப்பை நான் கேட்கவில்லை. அதை எதிர்பார்க்கும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட ஆவணங்களில் இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று, 2024இல் சார்ஜிங் பிரிவைக் கலைத்ததற்கும் மறுபடி ஆள் எடுத்ததற்கும் ஆன மொத்தச் செலவு, இழப்பீடு முதல் கைவிட்ட குத்தகைகள் வரை. மற்றொன்று, ஒரு முழுத் துறையையே கலைக்கும் முடிவு குழுவின் முன்னால் வந்து, துறைத் தலைவரின் எதிர்வாதத்தையும் கேட்ட பிறகே நடக்கும் என்ற விதி. ஒரே மனிதரைத் தக்கவைக்க எத்தனையோ பக்கங்கள் எழுதிய உங்களுக்கு இந்த இரண்டையும் எழுத ஒரு பக்கம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் துளிப் பங்குதாரன்