கல்லீரல் புரதமும் ஃபார்மலின் பாட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் புற்றுச் செல்லின் மேல்பரப்பில் இருக்கும் கிளிப்பிகன்-3 என்ற புரதம் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தோம். செய்தி சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, ‘அந்தப் புரதத்துக்கு ரத்தம் எடுங்க’ என்று தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ஆட்கள் லேப் லேபாக ஏறி இறங்கினால் காசுதான் கரையும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தப் புரதம் கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரலில் நிறைய உண்டு. பெரியவர்களின் நல்ல கல்லீரலில் ஏறக்குறைய இல்லவே இல்லை. கல்லீரல் செல்லில் தொடங்கும் புற்றில் பத்துக்கு ஏழெட்டில் திரும்பவும் தலைகாட்டும். 580 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. வல்லத்தை நங்கூரம் போட்டு நிறுத்துகிற மாதிரி, ஒரு கொழுப்பு நங்கூரத்தால் செல்லின் வெளிச்சவ்வில் கட்டிக் கிடக்கும். செல்லுக்கு உள்ளே அதற்கு வால் கிடையாது. உள்ளே நீளாத ஒன்று உள்ளே எப்படிச் சேதி அனுப்பும்? வெளியே வரும் விண்ட் என்ற சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்து, பக்கத்திலுள்ள ஃபிரிஸில்ட் என்ற ஏற்பியிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதன்பின் செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் சிதையாமல் தேங்கி, உட்கருவுக்குள் போய், செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், கருவில் இதே புரதம் வளர்ச்சிக்குக் கடிவாளம். ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு சமிக்ஞையைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். இதன் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் அளவு மீறி வளர்கிறார்கள். அந்த நோய்க்கு சிம்ப்சன்-கோலாபி-பெமல் என்று பெயர், காரணம் 1996-ல் தெரிய வந்தது. ‘புற்றை உண்டாக்கும் கெட்ட புரதம்’ என்று ஒரே வரியில் முத்திரை குத்த முடியாததற்கு இதுவே போதும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். செல்லிலிருந்து கத்தரிபட்ட துண்டுகள் ரத்தத்தில் கலப்பது உண்மை. ஆனால் எந்த அளவைத் தாண்டினால் புற்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு இல்லை. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸால் அல்லது குடியால், கொழுப்பால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வேண்டியது 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கூடவே ஏஎஃப்பி (ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன்) என்ற ரத்தப் பரிசோதனை. 1 செ.மீ. அளவுக்குக் கட்டி தெரிந்தாலோ, ஏஎஃப்பி மில்லிக்கு 20 நானோகிராமைத் தொட்டாலோ, மருந்து ஏற்றிப் பல கட்டமாக எடுக்கும் சி.டி. பார்க்க வேண்டும். மருந்து தமனி வழியாக வந்து சேரும் முதல் கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்து, அடுத்த கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கினால், சுருங்கிய கல்லீரலில் ஊசியால் சதை எடுக்காமலே புற்று என்று சொல்லிவிடலாம்.

சி.டி. தெளிவாகச் சொல்லாதபோதும், கல்லீரல் சுருங்காதவருக்குக் கட்டி வந்தபோதும்தான் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது. கிளிப்பிகன்-3 இன்று உண்மையாகப் பயன்படும் இடம் இதுதான். அதோடு எச்எஸ்பி70, குளூட்டமின் சிந்தடேஸ் என்ற வேறு இரண்டு புரதங்களையும் சேர்த்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். மூன்றில் இரண்டுக்குச் சாயம் பிடித்தால் புற்று என்பதற்கு வலுவான ஆதாரம். கிளிப்பிகன்-3 மட்டும் பிடிக்கவில்லை என்பதால் ‘புற்று இல்லை’ என்று நிம்மதி அடையக் கூடாது: ஆரம்ப நிலைக் கட்டி பலவற்றில் இது பிடிப்பதில்லை.

இந்தச் சாயம் பொய் சொல்வது பெரும்பாலும் நுண்ணோக்கிக்கு வருவதற்கு முன்பே. ஊசியில் வரும் சதை நூல் மாதிரி ஒன்றிரண்டு செ.மீ. நீளம்தான் இருக்கும். அதைக் கையில் கிடைத்த சலைன் (உப்பு நீர்) பாட்டிலில் போட்டுவிட்டு, ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு சுமார் 170 கி.மீ. பஸ்ஸில் கொண்டுபோனால், சித்திரை வெயிலில் செல்கள் தாமாகவே கரைந்துவிடும். சலைன் சதையைப் பதப்படுத்தாது. எடுத்த கையோடு 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும்: கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, புளிப்பு ஏறாமல் காக்கும் பாஸ்பேட் பஃபர் கரைசல் ஒன்பது பங்கு. சதையைப் போல் குறைந்தது 10 மடங்கு திரவம் வேண்டும். சதை மூழ்கியே இருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் நடுவில் பதம் ஏறாது, 72 மணி தாண்டினால் சாயம் பிடிக்கும் இடங்கள் இறுகி மூடிக்கொள்ளும். பஃபர் சேர்க்காத பழைய ஃபார்மலின் புளித்து, சதையில் கறுப்புத் துகளை விடும். கல்லீரலில் ஏற்கெனவே நிறமிகள் கிடப்பதால் அது கண்ணை ஏமாற்றும்.

லேபுக்குள்ளும் ஒரு பொறி உண்டு. கல்லீரலில் பயோட்டின் என்ற வைட்டமின் இயல்பாகவே அதிகம். பயோட்டினைப் பிடித்து நிறம் காட்டும் பழைய முறையில் நல்ல செல்கூடப் பழுப்பாகத் தெரியும். பயோட்டினை நம்பாத பாலிமர் முறையில் அந்தத் தொல்லை இல்லை. எந்த முறை, விடை முன்பே தெரிந்த கன்ட்ரோல் சிலைடைக் கூடவே ஓட்டினார்களா என்று அனுப்பும் மருத்துவர் கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து? இந்தப் புரதத்தைக் குறிவைத்த கோட்ரிடூசுமாப் என்ற ஆன்டிபாடி, முற்றிய கல்லீரல் புற்றில் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் காட்டவில்லை. நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லையே திருத்தி இதன்மேல் ஏவிவிடும் கார்-டி முறை இன்னும் சோதனைக் கட்டத்தில்தான். இதற்கென்று ஊசி இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட்டும் சிலைடும் மட்டும் போதாது. சதையைப் பதித்த பாரஃபின் பிளாக்கையும் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். புதிதாகச் சாயமேற்ற அதிலிருந்துதான் சீவ முடியும். மெழுகு என்பதால் பூட்டிய காரிலோ வண்டிப் பெட்டியிலோ வெயிலில் விட வேண்டாம், இளகிவிடும். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வாங்குகிற இடத்திலேயே பாருங்கள். மாறியிருந்தால் அதைச் சரிசெய்யவே மதுரைக்கு இன்னொரு நடை ஆகும்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்தார்,
ராமநாதபுரம்.