சானலுக்கு அந்தப் பக்கத்து வீடு

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

அம்மைக்கு மூட்டுவலி தேவலைன்னு படிச்சதும் நிம்மதி. இங்க எல்லாரும் சுகம். மூத்தவ பிளஸ் டூ, போனை மட்டும்தான் கையில பிடிக்கா.

“ஆப் ரூட் போட்டுக் கொடுக்குதாமே, பிறகு பார்சல் பிரிக்குத ஹப்ல உனக்கு என்னல வேலை”ன்னு கேட்டிருந்தே. கொடுக்கத்தான் செய்யுது. பார்சலை ஸ்கேன் பண்ணி முடிச்சதும் எந்த வீடு முதல்ல, எது அடுத்ததுன்னு டெலிவரி பையனுங்க போன்ல வந்துரும். அதைச் சும்மா சொல்லக்கூடாது. 10 வீட்டுக்கே 36,28,800 விதமா வரிசை போடலாம்; 20 வீடுன்னா அது 19 இலக்க எண். கம்ப்யூட்டரும் அத்தனையும் பாக்காது. சுமாரா ஒரு வரிசை போட்டு, அங்கங்க மாத்தி மாத்தித் தூரம் குறையுதான்னு பாக்கும். 1959-லயே டான்ட்சிக், ராம்சர்னு ரெண்டு பேரு பெட்ரோல் லாரிகளைப் பெட்ரோல் பங்க்குகளுக்கு அனுப்புத கணக்கா இதை எழுதிட்டாங்க. 1964-ல கிளார்க்கும் ரைட்டும் வேற வழி சொன்னாங்க: ரெண்டு வீட்டுக்குத் தனித்தனியா போய்வராம ஒரே நடையில முடிச்சா எவ்வளவு தூரம் மிச்சம்னு பாத்து, மிச்சம் கூடின ஜோடியை முதல்ல சேக்கணும்.

நம்ம ஊர்ல சிக்கல் அந்தத் தூரத்துலதான். அட்ரஸ்ல ஏதோ ஒரு விளை, சானல் கரைன்னு மட்டும் இருக்கும். (விளைன்னு முடியுத ஊரை எண்ணி முடிச்சிருவியா நீ?) மேப்புல ரெண்டு வீடும் ஒட்டி நிக்கும், நடுவுல அனந்தனார் சானல்னு வாய்க்கால் ஓடும். பாலம் சுத்தித்தான் போகணும். நேர்கோட்டுத் தூரத்தை எடுத்தா கணக்கு அங்கயே போச்சு. ரோட்டுத் தூரம் எடுத்தாலும், லொக்கேஷன் சரியான கரையில விழணுமே! மார்த்தாண்டம் மேம்பாலத்துல வண்டி மேல போகுதா கீழ நிக்குதான்னு ஜிபிஎஸ்ஸுக்கே விளங்காது.

எங்க பையன் ஒருத்தன் ஆப் வரிசையைப் பாத்துட்டு, பார்சல் எல்லாத்தையும் தரையில பரத்தி, மார்க்கர்ல தனியா நம்பர் போடுவான். கடைசி நம்பர் பைக்குள்ள அடியில போகும். வடசேரியில ஒரு டீச்சர் வீடு ஆப்ல மூணாவது, அவனுக்குக் கடைசி. “நாலரைக்குத்தான் வருவாங்க அண்ணே, இப்ப போனா பூட்டைத்தான் பாக்கணும்.” சிஓடி வேற, பார்சலை வாங்கும்போதுதான் காசு கொடுப்பாங்க. மறுநாளும் அதே பார்சலோட அலையணும்.

ஆனா வரிசையை மீறினா மேல இருக்கவங்க அவனுக்கு மார்க் குறைக்காங்க. அதுலதான் எனக்குக் கோவம். 2021-ல அமேசானும் அமெரிக்காவுல உள்ள எம்ஐடி யுனிவர்சிட்டியும் ஒரு போட்டி வச்சாங்க. டிரைவர்கள் நிஜமா ஓடின ஆயிரக்கணக்கான ரூட்டைக் கொடுத்து, அதைப் படிச்சு வரிசை போடச் சொன்னாங்க. இவன் ஓட்டத்தையும் யாராவது அப்படிப் படிக்கலாம்லா?

நீ ஓஆர்-டூல்ஸ்னு ரூட் கணக்குப் போடுத சாஃப்ட்வேர்ல ஏதோ செய்யுதேன்னு சொன்னியே. இந்த வீட்டுக்கு இத்தனை மணிக்கு மேலதான்னு நேரம் கொடுத்தா அது எடுத்துக்கிடும்லா? எந்த வீடு எப்ப திறந்திருக்கும், எந்தக் கரையில இருக்குன்னு நான் நோட்டுல எழுதிக்கிட்டு வாறேன். ஓணத்துக்கு வரும்போது லேப்டாப்பையும் தூக்கிட்டு வா. ஒரு ஏரியாவுக்கு மட்டும் போட்டுப் பாப்போம்.

உன்,
மணி