கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே திருகோணமலையில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். மாரி தொடங்கிவிட்டது, திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டார்கள். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீ அனுப்பிய கெண்டை மீனின் படத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசி என்றால் பேச்சு வேறெங்காவது போய்விடும்.

32 இறாத்தல் என்று எழுதியிருந்தாய். சித்தப்பாவின் கடைக்குட்டி கணக்குப் பார்த்து பதினான்கரைக் கிலோ என்றான். கரையில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன். கந்தளாய்க் குளத்துக் கெண்டை சந்தைக்கு வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இப்படி வயிறு பொன்னாக மினுங்கும் ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மேலுதட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு மீசை தெளிவாகத் தெரிந்தது. தூண்டிலில் இதைக் கரைக்குக் கொண்டுவர எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெருமையாக இருந்தது. இவ்வளவு பெரிய மீனைத் திரும்ப நீரில் விட்டுவிட்டானாமே என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினைச் சிங்கி இறாலைத் திரும்பக் கடலில் விட்ட தகப்பனுக்குப் பிறந்தவன் நான், அதுவும் அதைப் பற்றிச் சட்டம் பேசாத காலத்தில். கெண்டை பத்துக்கணக்கான வருடம் உயிர் வாழும். நீ கையில் வைத்திருந்த மீனுக்கு அனேகமாக உன் மகளைவிட வயது கூடுதலாக இருக்கும்.

ஆனால் தம்பி, நீ அதை நின்றுகொண்டு தூக்கியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. உன் காலடியில் கிடப்பது பருக்கைக் கல். அந்த மீன் ஒருமுறை வாலை அடித்திருந்தால் உன் நெஞ்சு உயரத்திலிருந்து கல்லில் விழுந்திருக்கும். வெளியே காயம் தெரியாது. நீந்திப் போகும். உள்ளே குடல் கலங்கி, எங்காவது அடியில் கிடந்து செத்துப்போகவும் கூடும். நீ விட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பாய்.

கடைக்குட்டி உங்கள் இங்கிலாந்துக்காரர்களின் வீடியோக்களைப் போட்டுக் காட்டி, எனக்கு விளங்கச் சொன்னான். இரண்டு மாலை இருந்து பார்த்தேன். முழங்காலில் இருந்துதான் தூக்குகிறார்கள், கீழே தடித்த மெத்தைப் பாய் விரித்து, அதை நன்றாக நனைத்து. கையையும் நனைக்கிறார்கள். கெண்டையின் மேல் இருக்கும் வழுவழுப்புத்தான் அதற்குக் கவசம். உலர்ந்த கையோ துணியோ பட்டால் அது உரிந்துபோகும், அந்த இடத்தில் பூஞ்சணமும் ஒட்டுண்ணியும் ஏறும். உன் சட்டை உலர்ந்திருந்தது, மீனை அதில் சாய்த்திருக்கிறாய். பெரிய வலைக்கரண்டி வைத்திருக்கிறாயா? ஆமையை வலையிலிருந்து எடுக்கும்போது கண்ணை ஈரச் சாக்கால் மூடுவோமே, நினைவிருக்கிறதா? கெண்டைக்கும் தலைமேல் ஈரத்துணி போட்டால் அடங்கிக் கிடக்கிறது. செவுளுக்குள் இருக்கும் சிவந்த பூவில் விரல் படவே கூடாது. படம் எடுப்பது என்றால் கமெராவை முதலில் தயார்படுத்திவிட்டுப் பிறகு மீனை நீரிலிருந்து எடு. தண்ணீர் தாங்கிய உடம்பு அது. வெளியே வந்தால் தன் பாரமே அதை நெரிக்கும்.

படத்தை எடுத்தது யார் என்று அம்மா கேட்டார். கமெராவைத் தாங்கியில் வைத்துத் தானே எடுத்திருப்பான் என்றேன்.

தூண்டில் முள்ளில் பின்நோக்கிய சின்ன முள் இல்லாததையே வாங்கு. வாயில் காயம் இருந்தால் பூசுவதற்கு மருந்து விற்கிறார்களாம், அதையும் வைத்துக்கொள். தங்கூசி நூல் மெல்லியதாக இருக்கக் கூடாது, மீன் நெடுநேரம் இழுபட்டுக் களைத்துப்போகும். தங்கூசி அறுந்தாலும் ஈயக்கட்டி தானாகக் கழன்று விழுகிற மாதிரிக் கட்ட வேண்டும். கழலாவிட்டால் மீன் அதை இழுத்துத் திரிந்து பாசிக்குள் மாட்டிச் சாகும். இது எனக்குப் புதிய அறிவு, எழுபது வயதில் கற்றேன். விடும்போது எறியாதே. நீருக்குள் நிமிர்த்திப் பிடி. செவுள் ஒழுங்காகத் திறந்து மூட வேண்டும். உன் கையிலிருந்து அதுவாகப் போகும்வரை பொறு. கையை நனை, முழங்காலில் இரு. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

தூண்டில் உரிமம் எடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். உங்கள் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடவிடமாட்டார்களாம். இங்கும் குளங்களுக்கு அப்படி ஒரு காலம் வைத்தால் நல்லது.

உன் கையைப் பற்றி. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மோதிரம் எங்கே?" என்று கேட்டார். பெரிய மீனைத் தொடுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் தோலைக் கீறிவிடும் என்றேன். அது உண்மைதான், வீடியோவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அம்மா பேசாமல் உள்ளே போய்விட்டார். நல்ல பழக்கம், தம்பி. ஆனால் கைக்கடிகாரம் கையிலேயே இருக்கிறது. அதன் வாரில் உள்ள கொக்கி மோதிரத்தைவிட மோசமாகக் கீறும்.

மூன்று இரவு கூடாரத்தில் இருந்ததாக எழுதியிருந்தாய். போன மாதமும் அப்படித்தான். கார்த்திகை மாதக் குளிர் அங்கே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வேலைக்கு எப்படிப் போகிறாய்? நீர்க்கரையில் இரவில் தனியாக இருப்பவன் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? பக்கத்தில் வேறு தூண்டில்காரர் இருந்தால் அவரிடம் உன் இடத்தைச் சொல்லிவை. கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதே. அதிலிருந்து வரும் நச்சுவாயு மணக்காமலே ஆளைக் கொல்லும்.

தம்பி, 2002 ஆம் ஆண்டு உனக்கு எட்டு வயது. பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, நெருக்கடி தளர்ந்து, எல்லோரும் கடலுக்குப் போகத் தொடங்கிய வருடம். நான் இறக்கண்டிக் கரையில் மீனவர் தங்கும் வாடிக்குப் போனேன். சித்திரையிலிருந்து ஆவணி வரை வீட்டுக்கு வந்தது மூன்றே மூன்று தடவை. மீன் நன்றாகப் படுகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். பட்டதுதான், அதில் பொய்யில்லை. படாத நாட்களிலும் நான் வரவில்லை. அம்மாவின் அந்தக் கைக்காப்புச் சங்கதி உனக்குப் பிறகு தெரிந்திருக்கும். பிழை என்னுடையது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாடிக்குள் இருந்தேன். இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். மீனுக்காகத்தான் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

பெரியப்பா உன்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். மடியில் சாப்பாட்டுக் கேரியரைப் பிடித்தபடி வந்திறங்கினாய். அப்பா ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கிழிந்த வலையைப் பொத்தக் காட்டித் தாருங்கள் என்றாய். பின்னேரம்வரை காட்டினேன். பிறகு உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வாடிக்கு நடந்தேன். அன்றைக்கு நான் உன்னோடு அதே பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு 27 நாள் கழித்துத்தான் வந்தேன். அந்த 27 நாளும் எனக்குக் கணக்கு இருக்கிறது. ஜன்னலில் உன் தலை மட்டும் தெரிந்தது, கை காட்டவில்லை நீ. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அம்மா ஒருநாளும் கேட்கவும் இல்லை. நான் வந்த அன்று சொதி வைத்து, பாய் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார், அவ்வளவுதான்.

இனிப் பார்சல் விடயம். தை பிறந்ததும் தெரிந்தவர் ஒருவர் கொழும்பு வழியாக அங்கே வருகிறார். மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். மிளகாய் வாங்கி வைத்தாயிற்று. மழை விட்டு வெயில் எறித்தால் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கம்போல மூன்று பேருக்கான அளவுதான் அம்மா எடுத்துவைத்திருக்கிறார், பேத்திக்கு உறைப்புக் குறைந்ததைத் தனியாக. அளவு அப்படியே இருக்கட்டுமா, அல்லது குறைக்க வேண்டுமா என்று ஒரு வரி எழுது. எது என்றாலும் எழுது. மில்லுக்குப் போவதற்கு முன் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா