சூரிய பம்புசெட்டும் நிலத்தடி நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூரிய சக்தி பம்புசெட்டுகளுக்கு மானியம் கொடுத்தால் டீசல் மிச்சம், நிலக்கரி மிச்சம், தண்ணீரும் மிச்சம் என்று பேசப்படுகிறது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது தானாக நடக்காது. தூய மின்சாரமும் நிலத்தடி நீரும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமல் திட்டத்தைச் சரியாக வகுக்க முடியாது.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, மோட்டாரின் இழப்பையும் சேர்த்துச் சுமார் 0.6 யூனிட் செலவாகும். 5 எச்.பி. மோட்டாருக்கு 5 கிலோவாட் அளவுக்குப் பேனல் வைத்தால், நல்ல வெயில் நாளில் 20 யூனிட் கிடைக்கும். அதாவது 33,000 லிட்டர். நீர்மட்டம் 30 மீட்டரில் இருந்தால் அதே பேனல் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் இறைக்கும். டீசல் இன்ஜின் வைத்திருப்பவர், ஒவ்வொரு லிட்டர் டீசலும் கையைக் கடிப்பதால் தேவை முடிந்ததும் நிறுத்திவிடுவார். பேனல் வைத்தவருக்கு நிறுத்துவதில் ஒரு லாபமும் இல்லை. மிஞ்சும் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்கு விலைக்குப் போகும், அல்லது கரும்பும் வாழையும் கூடும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் ஏற்கெனவே இலவசம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் மட்டுமே அங்கே கடிவாளம். மின்கம்பியோடு சேராத பேனலுக்கு அந்தக் கடிவாளமும் கிடையாது.

சூரிய பம்புகளுக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் (2019) இதை அறியாமல் இல்லை. நிலத்தடி நீர் வற்றிய பகுதிகளில் தனித்தியங்கும் புதிய சூரிய பம்புகள் கூடாது, இருக்கும் டீசல் பம்பை மாற்றலாம், ஆனால் நுண்ணீர்ப் பாசனம் (சொட்டுநீர், தெளிப்புநீர்) வேண்டும் என்கின்றன அதன் விதிமுறைகள். சிக்கல் வயலில்தான். வெயில் மங்கி மோட்டாரின் வேகம் 20 சதவீதம் குறைந்தால் அது தண்ணீரைத் தூக்கும் உயரம் 36 சதவீதம் குறையும். ஆழமான போர்வெல்லில் காலை, மாலை வெயிலுக்கும் மேகம் மறைக்கும்போதும் தண்ணீர் மேலேயே வராது. வந்தாலும் சொட்டுநீர்க் குழாய்க்கு வேண்டிய அழுத்தம் இருக்காது. முதல் வரிசைச் செடிக்கு நீர் கிடைக்கும், கடைசி வரிசை காயும். உப்புத் தண்ணீரில் நீர் சொட்டும் ட்ரிப்பர் துளைகளும் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழுவாமல், உப்பைக் கரைக்க அமிலம் விடாமல் ஒரு பருவம் போனால் விவசாயி குழாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வாய்க்காலில் பாய்ச்சத் தொடங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல்நிலைத் தொட்டியோ, காலை 10 முதல் 3 மணிக்குள் பகுதி பகுதியாகப் பாய்ச்சும் வால்வு அமைப்போ மானியத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

இதைவிட வலுவான வழி, பேனலை மின்கம்பியோடு இணைத்து, இறைக்காமல் விட்ட மின்சாரத்தை மின்வாரியம் விலைக்கு வாங்குவது. குஜராத்தின் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து இதைச் செய்தார்கள். அம்மாநில அரசு 2018-ல் அறிவித்த திட்டம், முதல் ஏழு ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றது. விலைதான் இதில் எல்லாம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்ச 1,03,000 லிட்டர் வேண்டும்; 100 மீட்டரிலிருந்து என்றால் 62 யூனிட். இறைக்காமல் அந்த மின்சாரத்தை 7 ரூபாய்க்கு விற்றால் 434 ரூபாய், மூன்றரை ரூபாய்க்கு விற்றால் 217 ரூபாய். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விற்றால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் மோட்டார் ஓடத்தான் செய்யும். பணம் மாதக்கணக்கில் தாமதமானாலும், பகலில் லைன் பழுதாகிக் கிடந்தாலும் அப்படியே. நல்ல விலை கொடுத்தால் மின்வாரியத்தின் செலவு கூடும் என்பதும் உண்மை. அதைத் தண்ணீருக்கான செலவாக எழுதி, அரசு ஏற்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் ஒரே விதி போடவும் கூடாது. பீகார், அசாம் போன்ற இடங்களில் நீர்மட்டம் மேலேயே இருக்கிறது, மழையும் நிரப்பிவிடுகிறது; அங்கே சிறு விவசாயியை டீசல் செலவிலிருந்து மீட்க சூரிய பம்பு நேரடியான நன்மை. ஆண்டுதோறும் நிலத்தடியில் ஊறும் நீரைவிட அதிகமாக உறிஞ்சப்படும் நம் அதிநுகர்வுக் குறுவட்டங்களில் (பிர்க்காக்களில்) அதே பம்பு வேறு வேலை செய்யும்.

எனவே வேளாண் பொறியியல் துறையின் மானிய விண்ணப்பத்தில் போர்வெல்லின் ஆழம், கோடைக்கால நீர்மட்டம், குறுவட்டத்தின் வகை ஆகிய மூன்றும் கட்டாயம் கேட்கப்பட வேண்டும். அதிநுகர்வுக் குறுவட்டம் என்றால் மின்கம்பியோடு இணைத்த, வாங்கும் மின்சாரத்தையும் விற்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்திய பேனலுக்கு மட்டுமே அனுமதி தர வேண்டும்.

இப்படிக்கு,
நீர்ப்பாசனப் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்