ஞாயிறு குடும்பிமலைப் பயணம்

அன்பு உறவுகளே, குடும்பிமலைக்கு மோட்டார் சைக்கிளில் போக, ஞாயிறு காலை 5.30க்கு மட்டக்களப்பு கிரான் சந்தியில் கூடுவோம். மாரி வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனால் கிறவல் பாதை அரிபட்டுக் கிடக்கிறது, இடையிடையே சக்கரம் புதையும் பொருமணலும் உண்டு.

மணலில் விழுபவர்கள் பெரும்பாலும் பயத்தால்தான் விழுகிறார்கள். முன்சக்கரம் நெளிந்ததும் கை பிறேக்கைத் தேடும். பிடித்தால் சக்கரம் புதைந்து வண்டி சரியும். கால்தாங்கியில் எழுந்து நில்லுங்கள். முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை அணைத்து, உடலைச் சற்றுப் பின்தள்ளி, வேகத்தை ஒரே சீராகக் கொடுங்கள். கண் தூரத்தில் இருக்கட்டும். டயர் காற்றை 28 இறாத்தலிலிருந்து 20க்கு இறக்கினால் டயர் அகன்று மணலில் மிதக்கும். தார் வீதி ஏறுமுன் மீண்டும் அடிக்க வேண்டும், ஆகவே பம்ப் கட்டாயம்.

கணுக்காலை மூடும் சப்பாத்து இல்லாதவரை அழைத்துச் செல்லமாட்டேன். போன முறை செருப்போடு வந்த தம்பியின் பாதம் புகைக்குழாயில் பட்டுக் கொப்பளித்ததை நான் மறக்கவில்லை.

மாட்டுப்பட்டியைக் கண்டால் நின்று வழிவிடுங்கள். அது பட்டிக்காரரின் பாதை, நாம் விருந்தாளிகள். அந்தியில் யானை இறங்கும் என்பதால் 3 மணிக்கே திரும்புகிறோம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரைப் பதியுங்கள்.